ஆறு சாலை ஊரும் பதினாறு மூட்டை மணிலாவும்

சித்திரைக் கடைசி. விடியற்காலை நாலரை மணி. மயிலம் போகும் வழியில் உள்ள ஒரு சிறு கிராமத்தில், தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு குட்டி யானை வண்டி நிற்கிறது. பதினாறு மூட்டை மணிலாப் பருப்பு ஏற்றி முடித்துக் கயிறு கட்டுகிறார்கள். மூட்டைக்கு 80 கிலோ. இரண்டு ஏக்கரில் கிடைத்த மொத்த வருமானமும் அந்த வண்டியில்தான் இருக்கிறது. விதைக்கும் வீட்டு எண்ணெய்க்கும் எடுத்து வைத்த மூன்று மூட்டைக் காய் மட்டும் வீட்டில்.

விவசாயிக்கு இன்னும் மனசு சரியில்லை. முந்தின நாள் மாலை வியாபாரி வாசலுக்கே தராசோடு வந்திருந்தார். மூட்டை 6,400 ரூபாய், கையில் ரொக்கம். அவர் மனைவிதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"வூட்டு வாசல்லயே காசு தர்றான். நாம எதுக்கு வண்டி வாடகை குடுத்துக்கினு டவுனுக்கு ஓடணும்?"

"அவன் நம்ம வாசலுக்கு வர்றது பாசத்துலயாங்க? மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவுன்னு சொன்னானே, அதைக் கேட்டீங்களா?"

அவர் கேட்டிருந்தார். கேட்டும் பேசாமல் இருந்தார். இருபது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. பதினாறு மூட்டைக்கு 32 கிலோ. கிலோ 80 ரூபாய் என்று வைத்தால் 2,560 ரூபாய், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். சாக்கு எடைக்கென்று சிலர் சொல்வார்கள், மண் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எந்தச் சாக்கும் இரண்டு கிலோ எடை இருப்பதில்லை.

வண்டி கிளம்பி அரை மணி நேரத்தில் திண்டிவனம் வந்துவிட்டது. ஊர் அதற்குள் முழுசாக விழித்திருந்தது.

திண்டிவனத்தைப் பஸ்ஸில் கடந்து போகிறவர்களுக்கு அது ஒரு மேம்பாலம், அதன் கீழே நாலு டீக்கடை, பழக்கூடையோடு ஓடிவரும் ஆட்கள். அவ்வளவுதான். ஆனால் வெள்ளாமையை விற்க வருகிறவன் அந்த ஊரை வேறு மாதிரி பார்க்க வேண்டும். இந்த ஊருக்கென்று பெரிய ஆறு இல்லை. துறைமுகம் இல்லை. கரும்பாலை மாதிரி ஊரையே நடத்துகிற பெரிய ஆலையும் பழைய நாளில் இருந்ததில்லை. இருப்பது சாலைகள். வடக்கே சென்னை, 125 கிலோமீட்டர் சுமார். தெற்கே விழுப்புரம் 40 கிலோமீட்டர், அதைத் தாண்டித் திருச்சி. தென்கிழக்கே புதுச்சேரி, அதுவும் ஏறக்குறைய 40. கிழக்கே மரக்காணம், கடற்கரை. மேற்கே செஞ்சி, அதற்கப்பால் திருவண்ணாமலை. வடமேற்கே வந்தவாசி. ஆறு சாலையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டால் அங்கே ஊர் உண்டாகாமல் என்ன செய்யும்?

ஒவ்வொரு சாலையும் ஒரு சரக்கைக் கொண்டுவருகிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து நெல். வந்தவாசிப் பக்கம் நெல்லும் கோரைப் பாயும். மரக்காணம் சாலையில் உப்பு, மீன், சவுக்குக் கட்டை. மாசி, பங்குனி வந்தால் தர்பூசணி. சென்னைச் சாலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற சாலை. கத்தரி, வெண்டை, தர்பூசணி எல்லாம் ராத்திரியில் ஏறி விடியுமுன் கோயம்பேட்டில் இறங்கும். புதுச்சேரிச் சாலையின் கதை பழையது, மணிலாவின் கதையும் அதுதான்.

திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டிலிருந்து வந்தது என்பார்கள். திந்திரிணி என்றால் புளி. ஊர்க் கோயில் சாமிக்கும் திந்திரிணீஸ்வரர் என்றுதான் பெயர். புளியங்காடாக இருந்த இந்தச் செம்மண்ணில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு புதுப் பயிர் பரவியது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா பக்கமிருந்து வந்தது என்று நினைத்து நம் முன்னோர் மணிலாக்கொட்டை என்றார்கள். அது பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. வேர்க்கடலை என்று கேட்டால் இந்தப் பக்கத்துப் பாட்டிகள் இன்றைக்கும் "மல்லாட்டையா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

பூ பூத்து, ஊசி இறங்கி, மண்ணுக்குள் காய் பிடிக்கிற பயிர் இது. மண் இளக்கமாக இருக்க வேண்டும். பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணில் தங்கக் கூடாது. மணல் கலந்த இந்தச் செம்மண் அதற்கென்றே செய்தது போல. அந்தக் காலத்தில் பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்துச் சோப்புக்காரர்களுக்கும் எண்ணெய் ஆலைக்காரர்களுக்கும் கடலை தேவைப்பட்டது. புதுச்சேரி அவர்கள் கையில் இருந்தது. தென்னாற்காட்டுக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டியில் புதுச்சேரிக்குப் போன மூட்டைகள் கப்பலேறின. 1879-ல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் பாதை போட்டார்கள். அதில் ஆளும் போனான், மணிலாவும் போனது. இந்தப் பக்கத்து விவசாயியின் விலையை அன்றைக்கே ஏழு கடல் தாண்டி யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

1935-ல் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. டி.எம்.வி. என்று விதைப் பையில் பார்க்கிறோமே, அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 என்ற மணிலா ரகம், குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போய்ப் பல பத்து வருஷங்கள் நின்று விளைந்தது. அனந்தப்பூர் விவசாயிக்குத் திண்டிவனம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனால் ஊரின் பெயரை ரகத்தின் பெயராகத் தினமும் சொல்லியிருப்பார். நம்ம கதையில் வருகிற தம்பதி போட்டது டி.எம்.வி. 7. நூற்றைந்து நாள் பயிர்.

வழக்கமாக மார்கழியில் விதைப்பவர்கள். இந்த வருஷம் தை பாதி ஆகிவிட்டது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. வருஷம் முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய பாதி ஒரு நாளில் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி, அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயிலும் நின்றது. சாலையால் வாழ்கிற ஊருக்குச் சாலை நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த வாரம் பார்த்தார்கள். காய்கறி வரவில்லை, போகவும் இல்லை. மேம்பாலத்தின் கீழே பழக்கூடைகள் காலியாகக் கிடந்தன.

அந்தத் தம்பதியின் நிலத்தில் எட்டு நாள் தண்ணீர் நின்றது. அதற்கு முன் எந்த மழையிலும் அவ்வளவு நின்றதில்லை. மேலே உள்ள ஏரியின் கலங்கல் வழிந்தால் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக அவர்கள் வரப்பை ஒட்டி ஓடிக் கீழ் ஏரிக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து நிலம் மனைப் பிரிவு ஆனது. கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்தினார்கள். வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது முப்பதடி ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் கல்.

இந்த ஊரின் பூகோளத்தை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். சங்கராபரணி ஆறு செஞ்சி மலைப் பக்கம் கிளம்பி, வீடூர் அணையில் தேங்கி, புதுச்சேரி அருகே கடலில் சேர்கிறது. அதன் பாசனம் சில கிராமங்களுக்குத்தான். மற்றதெல்லாம் ஏரிப் பாசனம், கிணறு, போர். ஒரு ஏரி நிறைந்து அடுத்த ஏரிக்கு, அது நிறைந்து அதற்கடுத்ததற்கு என்று கிழக்கே கழுவேலி வரைக்கும் சங்கிலி மாதிரி இறங்கும். ஆற்றங்கரை ஊரில் தண்ணீர் போகும் வழி யார் கண்ணுக்கும் தெரியும். ஏரிச் சங்கிலி ஊரில் அது வெறும் நாலடி வாய்க்கால். வெயில் காலத்தில் பார்த்தால் முள் முளைத்த பள்ளம். அதனால்தான் அதை மூடுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. விழுப்புரத்தில் புதிய பஸ் நிலையமே ஏரியாக இருந்த தாழ்விடத்தில் நிற்கிறது. பெருமழை பெய்தால் பஸ்ஸின் படி வரைக்கும் தண்ணீர்.

சாலை ஊர் வளர்கிற விதமும் தனி. வட்டமாக வளராது. சாலையைப் பிடித்துக்கொண்டு விரல் விரித்த கை மாதிரி நீளும். ஒவ்வொரு விரலும் ஒரு மேட்டு வரிசை: கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், மனைப் பிரிவு, பள்ளிக்கூடம். இரண்டு விரலுக்கு நடுவே இருக்கிற வயல் தாழ்ந்துகொண்டே போகும். வயல் தாழவில்லை, சுற்றி எல்லாம் உயர்ந்துவிட்டது. தண்ணீர் அங்கே வந்து நிற்கும். இரண்டு போகம் கெட்டால் விவசாயி தானாகவே விற்க வருவார். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நடப்பது அதுதான்.

மார்கழியில் மனைக்காரர் வந்தார். நல்ல மரியாதையாகப் பேசினார்.

"டவுன் உங்க பக்கம்தாங்க ஐயா வருது. இன்னிக்கு ரெண்டு லட்சம் முன்பணம். நீங்க பவர் மட்டும் எழுதிக் குடுங்க. மனை விக்க விக்க மீதி."

விவசாயிக்கு அன்றைக்கு மனசு சாய்ந்துவிட்டது. நிலத்தில் தண்ணீர் நிற்கிறது, கூட்டுறவு வங்கியில் நகை இருக்கிறது, பெண் பிளஸ் டூ படிக்கிறாள், நர்ஸிங் படிக்க வேண்டும் என்கிறாள். மனைவிதான் ஒரு கேள்வி கேட்டார். "மீதி எப்பன்னு பேப்பர்ல எழுதுவீங்களா?" மனைக்காரர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் விற்கிற அதிகாரம் முழுக்க மற்றவர் கைக்குப் போய்விடும். முன்பணம் மட்டும் வாங்கி, மீதிக்காகப் பத்து வருஷம் நடந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்ய 2016-க்குப் பிறகு கட்டுப்பாடு வந்துவிட்டது. அங்கீகாரம் கிடைக்காமல் மனை தேங்கினால், 'விற்க விற்க மீதி' என்ற பேச்சும் தேங்கும்.

சீனாவில் இந்தக் கணக்கு வேறு. உலகத்தில் நிலக்கடலை அதிகம் விளைவது அங்கேதான், அடுத்தது இந்தியா. ஷான்டொங், ஹெனான் மாகாணங்கள் அதற்குப் பேர் போனவை. அங்கே நகரத்து மாவட்டம் என்று எல்லை போடும்போது பெரும்பாலும் சுற்றியுள்ள வயலையும் கிராமத்தையும் சேர்த்தே போடுகிறார்கள். நகர நிலம் அரசுக்குச் சொந்தம், கிராம நிலம் ஊர்க்கூட்டுக்குச் சொந்தம் என்று அவர்கள் அரசியல் சட்டமே சொல்கிறது. குடும்பத்துக்கு உழுகிற உரிமை உண்டு. மனை போட்டு விற்கிற உரிமை இல்லை. நகரம் வளர வேண்டுமென்றால் அரசு நிலத்தை எடுத்து இழப்பீடு கொடுக்கும். இழப்பீடு போதாது என்ற சண்டை அங்கேயும் ஓயவில்லை. இங்கே நிலம் விவசாயியின் பெயரில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் அவரிடமே இருக்கிறது. ஆனால் பதிவு அலுவலகத்தில் ஒரே காலையில் எல்லாம் முடிந்துவிடும். நெருக்கடியில் இருப்பவனுக்கு ஒரு காலைப்பொழுது மிகவும் சிறியது.

அன்றைக்கு அந்த அம்மா சொன்னது இதுதான்: "ஒரு போகம் பாப்போம். தண்ணி வத்தட்டும். அதுக்கப்புறம் பேசலாம்." அந்த ஒரு போகம்தான் இப்போது குட்டி யானையில் வந்திருக்கிறது. இது சரியாகப் போகவில்லையென்றால் அடுத்த மாதம் பவர் பத்திரம் எழுதப்படும். இரண்டு பேருக்கும் அது தெரியும். வண்டியில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அவர்களுக்கு முன்னாலேயே பலர் வந்து இறக்கியிருந்தார்கள். வாசலில் பெயர், ஊர், சரக்கு, மூட்டை எண்ணிக்கை எழுதிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டில் உள்ள எண்தான் அன்றைக்கு அந்தச் சரக்கின் பெயர். யார் வீட்டுச் சரக்கு என்பது வியாபாரிக்கு முக்கியமில்லை.

இந்தக் கூடங்களுக்கு அடிப்படையான சட்டம் சென்னை மாகாணத்தில் 1933-லேயே வந்தது. பருத்தி, நிலக்கடலை மாதிரிப் பணப்பயிர் விற்கிறவன் ஏமாறக் கூடாது என்பதற்காக. தொண்ணூறு வருஷம் கழித்தும் பலர் உள்ளே வந்ததில்லை என்பது வேறு விஷயம். முறை எளிமையானது. மூட்டையை அவிழ்த்து மாதிரி எடுத்து வைப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொன்றாகக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள், இரண்டு பருப்பைக் கடித்துப் பார்ப்பார்கள். தன் விலையைச் சீட்டில் எழுதி மற்றவருக்குத் தெரியாமல் பெட்டியில் போடுவார்கள். நேரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எது அதிகமோ அதை அறிவிப்பார்கள். மறைமுக ஏலம் என்பது இதுதான். அறிவித்த விலை பிடிக்கவில்லையென்றால் விவசாயி கொடுக்க வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது. பிடித்திருந்தால் மின்னணுத் தராசில் எடை, பணம் வங்கிக் கணக்கில். ஒரு சதவீதச் சந்தைக் கட்டணம் வியாபாரியிடம் வாங்குவது. விவசாயியிடம் கமிஷனும் கிடையாது, கழிவும் கிடையாது.

அவர்கள் சரக்கில் ஒரு வியாபாரி கையை விட்டார். முதல் மூன்று மூட்டையில் தலையாட்டினார். நாலாவதில் நின்றார். மறுபடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினார்.

"இன்னாண்ணா இது, இதுல ஈரம் கீது?"

அந்த அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். விவசாயி வண்டியின் டயரைப் பார்த்தார். கடைசியாகப் பிடுங்கிய பகுதி அது. மூன்று நாள் காய வேண்டியது. மழை வருகிற மாதிரி மேகம் கட்டியதால் ஒன்றரை நாளிலேயே மிஷினில் கொடுத்து உடைத்து, இரண்டு மூட்டை கட்டிவிட்டார். பதினாலு மூட்டை மாடியில் காய்ந்தது, இரண்டு மூட்டை அவசரத்தில் கட்டியது. எல்லாம் ஒரே சீட்டில்.

இங்கே நஷ்டம் அந்த இரண்டு மூட்டையோடு நிற்பதில்லை. ஒரே எண்ணில் இரண்டு தரம் கலந்திருந்தால் வியாபாரி மட்டமானதற்குத் தகுந்த விலையைத்தான் பதினாறுக்கும் எழுதுவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். நல்லவேளை, ஏலத்துக்கு நேரம் இருந்தது. அலுவலகத்தில் சொன்னதும் இரண்டு மூட்டையைப் பிரித்துத் தனிச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். ஈரப்பதம் பார்க்கும் கருவி அங்கேயே இருக்கிறது. பருப்பில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் சேமிக்க ஆகாது, பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு எண்ணெய் ஆட்டிய பின் புண்ணாக்கில் தங்கி, மாட்டுக்குப் போய், பால் வழியாக வீட்டுக்கே திரும்பி வரும். அவசரத்தில் கட்டிய மூட்டைக்கு விலை குறைவது ஒரு தண்டனை என்றால், இது இன்னொன்று.

ஏலம் திறந்தது. காய்ந்த பதினாலு மூட்டைக்கு 6,600. ஈரமான இரண்டுக்கு 6,200.

அன்றைக்கு வரத்து அதிகம். சித்திரை அறுவடை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கியிருந்தது. வாசல் வியாபாரியின் விலையைவிட 200 கூட. ஆனால் அவர்கள் நினைத்து வந்தது 7,000.

"குடுத்துட்டுப் போலாம்" என்றார் அவர். "எல்லாத்தையுமா?" என்றார் அந்த அம்மா.

மனைவி கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். பெண்ணின் கல்லூரிக்கு இந்த மாதக் கடைசிக்குள் 35,000. களையெடுத்தவர்கள், பிடுங்கியவர்கள், மிஷின்காரர் பாக்கி ஒரு 20,000. நகைக் கடனுக்கு வட்டி. எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குப் பக்கத்தில் இப்போதே வேண்டும். ஆனால் பதினாறு மூட்டையையும் இன்றைக்கே விற்க வேண்டும் என்று அந்தக் கணக்கில் இல்லை.

ஈர மூட்டை இரண்டும், காய்ந்ததில் நாலும் விற்றார்கள். 38,800 ரூபாய். மீதிப் பத்து மூட்டையைக் கூடத்தின் கிடங்கிலேயே வைத்தார்கள். வைத்த சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் உண்டு. 180 நாள் வரை வைத்திருக்கலாம். உச்சவரம்பும் வட்டியும் மாறக்கூடியவை, போகிற அன்றைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நகல் எல்லாம் அந்த அம்மா மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். 45,000 கடன் ஆனது. விவசாயி அதுவரை அந்தப் பையில் சாப்பாடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

சேமித்து வைத்தால் விலை ஏறியே தீரும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இறக்குமதிப் பாமாயில் விலை, குஜராத் விளைச்சல், பண்டிகைத் தேவை என்று ஆயிரம் காரணம் இருக்கிறது. விலை இறங்கிய வருஷங்களும் உண்டு. அவர்களும் அதைத் தெரிந்துதான் வைத்தார்கள். அறுவடை வாரத்தில் எல்லோரும் விற்கும்போது தானும் விற்பதைவிட, கொஞ்சம் தள்ளி விற்பது பெரும்பாலும் மோசமாகப் போவதில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்த வாரம் மகளைச் சேர்க்க விழுப்புரம் போனார்கள். பக்கத்து ஊர்தான் என்றாலும் அது வேறு மாதிரி ஊர். திண்டிவனம் சாலையால் ஆனது என்றால் விழுப்புரம் ரயிலால் ஆனது. சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று ஐந்து பக்கமும் பாதை பிரிகிறது. 1993-ல் தென்னாற்காடு பிரிந்து மாவட்டத் தலைநகரானதும் கலெக்டர் அலுவலகம், கோர்ட், போக்குவரத்துக் கழகத் தலைமையிடம் என்று சம்பளக்காரர் ஊர் ஆகிவிட்டது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போன பிறகும் அந்தச் சம்பளம் குறையவில்லை. சம்பளக்காரர் ஊரில் உழவர் சந்தையில் காய்கறி விற்கலாம். மாதத்தின் முதல் வாரம் நன்றாகப் போகும். மூட்டைச் சரக்கு விற்பவனுக்குத் திண்டிவனமும் செஞ்சியும்தான். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் அந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். மனைக்காரர் சொன்ன மாதிரி டவுன் தங்கள் பக்கம் வருகிறது என்பது பொய்யில்லை. வழி நெடுக மஞ்சள் கல். திண்டிவனம் பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா வந்துவிட்டது, உணவுப்பொருள் தொழிலுக்கென்றே அதில் ஒரு பகுதி. கடலை மிட்டாய்க்கும் எண்ணெய்க்கும் அங்கே ஆள் கேட்டால், விளைவிக்க யார் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அதை வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து நாள் கழித்து விற்பனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. வரத்து குறைந்துவிட்டது, நல்ல சரக்குக்கு வியாபாரிகள் கேட்கிறார்கள். பத்து மூட்டையும் ஏலத்தில் வைத்தார்கள். 7,150 ரூபாய்.

அன்றிரவு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். விற்றது மொத்தம் 1,10,300. வண்டி வாடகை 1,200, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 400, கடன் வட்டியும் கிடங்கு வாடகையும் சேர்த்து 250. கழித்தால் 1,08,450. வாசலிலேயே கொடுத்திருந்தால் கழிவு போக 99,840 வந்திருக்கும். வித்தியாசம் 8,610 ரூபாய். அந்த இரண்டு மூட்டையையும் ஒழுங்காகக் காயவைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். அதை அந்த அம்மா வாயால் சொல்லவில்லை; தாளில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

பெரிய பணமா? இல்லை. இரண்டு ஏக்கரில் நாலு மாத உழைப்புக்கு மேலே இது ஒரு மாதக் கூலிகூட இல்லை. ஆனால் மனைக்காரர் மறுபடி போன் செய்தபோது விவசாயியே எடுத்து, "இப்ப இல்லீங்க" என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது.

வாய்க்கால் பிரச்சினை அப்படியே இருக்கிறது. புல வரைபடத்தில் வாய்க்கால் தெளிவாக இருக்கிறது. அரசு புறம்போக்கு, அகலத்தோடு எழுதியிருக்கிறது. அதன் நகலை வாங்கி, தண்ணீர் நின்ற நாலு நிலத்துக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுத்தார்கள். தனித்தனியாகக் கொடுத்திருந்தால் நாலு மனு, சேர்ந்து கொடுத்ததால் ஒரு கிராமம். மனு ரசீது அதே மஞ்சள் பையில் இருக்கிறது. அளக்கும் தேதி இன்னும் வரவில்லை. ஐப்பசிக்கு நாலு மாதம் இருக்கிறது.